வெள்ளிக்கிழமைக் கடைசி மணி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். ஏலக்காய் மூட்டைகளின் மேல் பிரஷ்ஷால் மை தொட்டுப் பெரிது பெரிதாக அடையாளம் எழுதிப் பழகிய கை இது. சின்ன எழுத்தாக எழுதச் சொன்னால் கோணிக்கொள்கிறது. ‘ற’ வர வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டிருப்பேன். ஒற்று விட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள்தான் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பழக்குவதற்குப் பாடப் புத்தகம் போதாது, விளையாட்டும் வைக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்களாம். போன வாரம் தெருப் பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி ஒரு விளையாட்டை ஒத்திகை பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த நான் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டேன். “ஏம்ப்பா, நல்லா இல்லையா?” என்று பின்னாலேயே வந்து கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது என்றேன். அதற்கு மேல் எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

யுத்தத்தின்போது பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, போடியிலிருந்து மதுரைக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு வாத்தியார் வந்தார். மீசை கூடச் சரியாக முளைக்காதவர். ஐந்தாம் வகுப்புக்கு அவர்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, எங்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் இங்கிலீஷில் விளையாட்டு வைப்பார். சிகரெட் அட்டையில் பசு, குடை, சேவல் படங்களை ஒட்டி எடுத்து வருவார். கூழாங்கல்லைக் குவித்துக் கடை போடச் சொல்வார். ஒருவன் கடைக்காரன், ஒருவன் வாங்க வந்தவன். இருவரும் இங்கிலீஷில்தான் பேரம் பேச வேண்டும்.

எனக்கு அதெல்லாம் ஆகவில்லை. தமிழிலேயே பேசாதவன் நான். யாராவது முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். கடை விளையாட்டில் என் முறை வந்தால் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பேன். “சார், ஊமைக்கோட்டான் கடையில சரக்கு இல்லையாம் சார்!” என்று பையன்கள் கத்துவார்கள்.

வாய் வேண்டாத விளையாட்டு ஒன்று இருந்தது. அதில்தான் நான் ஆள்.

வாத்தியார் இங்கிலீஷில் உத்தரவு போடுவார். நில், உட்கார், இங்கே வா, கதவைச் சாத்து, இப்படி. நாங்கள் செய்ய வேண்டும். ஆனால் உத்தரவோடு ‘ப்ளீஸ்’ என்ற சொல் இருந்தால் மட்டும்தான் செய்ய வேண்டும். அது இல்லாமல் சொன்னதைச் செய்துவிட்டால் அவுட்டு. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொன்னாரோ என்னவோ, எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அது ஒரு சாவி மாதிரி. சாவி போட்டால் திறக்கும், போடாவிட்டால் திறக்காது.

“எவன் சொன்னாலும் சரி, எவ்வளவு அதட்டினாலும் சரி, அந்தச் சொல்லு வராம அசையப்படாது. அசைஞ்சா தோத்தே” என்பார். அப்புறம் அவரே எங்களை ஏமாற்றப் பார்ப்பார். முதலில் நயமாகச் சொல்வார். பிறகு முகத்துக்கு நேரே வந்து கத்துவார். பிரம்பை மரத்தில் ஓங்கி அடித்து, “கம் ஹியர்!” என்று அலறுவார். பயந்தாங்கொள்ளிகள் ஓடி வந்து அவுட்டாகிவிடுவார்கள். நான் அசைய மாட்டேன். கடைசியில் மரத்தடியில் நிற்பது நான் ஒருவன்தான். வாத்தியார் சிரித்துக்கொண்டே என் தலையில் கை வைப்பார்.

ஜெயித்தவனுக்குப் பரிசு, அன்றைய கடைசி மணியை அடிப்பது. பள்ளிக்கூட முகப்பில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். நான் இரும்புக்கழியால் அதில் ஓங்கி அடித்ததும் பள்ளிக்கூடம் முழுக்க ஓ என்று வெளியே ஓடும். என் வாயிலிருந்து ஒரு சத்தம் வராது. ஆனால் என் கையிலிருந்து வந்த சத்தத்துக்கு அத்தனை பேரும் ஓடினார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் பிறகு எதிலும் கண்டதில்லை.

இந்தப் பெருமையை வீட்டில் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஆத்தாவிடம் மட்டும்தான் சொன்னேன். ஆத்தாவுக்கு விளையாட்டு விளங்கவில்லை. தன் மகன் இங்கிலீஷில் ஜெயித்து மணி அடிக்கிறான் என்பது மட்டும் விளங்கியது. அது போதுமாக இருந்தது.

ஐயா ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது முடிந்ததும் என்னையும் அங்கேயே சேர்த்துவிடுவதாக மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார். ஹைஸ்கூலுக்குச் சம்பளம் கட்ட வேண்டும், துணிமணி வேண்டும். எங்கள் வீட்டில் அது நடக்காது. ஆத்தா தன் அண்ணனைப் பிடித்தாள். அந்த மாமா மலைமேல் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரருக்குக் கையாளாக இருந்தார். அந்தத் துரை, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் சொந்தத்தில் வருஷத்துக்கு ஒரு பையனைப் போடி ஹைஸ்கூலில் தன் செலவில் படிக்கவைப்பார். பையனுக்கு இங்கிலீஷ் தெரிகிறதா என்று அவரே பார்த்துத்தான் எடுப்பார்.

மாமா வந்து என்னைச் சோதித்தார்.

“மாப்ளே, கம் ஹியருன்னா என்ன?”

“இங்க வா.”

“சிட் டவுனு?”

“உக்காரு.”

“போதும் தாயி. இதுக்கு மேல தொரைக்கே தெரியாது” என்றார் மாமா. ஆத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஐயா மட்டும், “மச்சான் பங்களாவுல பாத்திரம் தேச்சே பாரிஸ்டராயிட்டாரு. மருமகனையும் ஆக்காம விட மாட்டாரு” என்றார். ஆனால் மேஸ்திரியிடம் போய், பையனுக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டும் வந்தார். அன்றைக்கே ஆத்தா தன் பழைய சேலையைக் கிழித்துப் புத்தகப்பை தைக்க உட்கார்ந்தாள்.

பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. வாத்தியார் தன் ஊருக்குப் போய்விட்டார். மலையடிவாரத்து முந்தலிலிருந்து தோட்டத்துக்கு அரிசி மூட்டை ஏற்றிப்போன ஜீப்பில், மூட்டைகளுக்கு மேலே மாமாவும் நானும் போனோம். ஆத்தா முந்தல் வரை வந்து வழியனுப்பினாள். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. விழுங்கிக்கொண்டேன். சட்டை அழுக்காகக் கூடாது என்பதுதான் கவலை.

“நீ ஒண்ணும் பேச வேணாம் மாப்ளே. தொரை சொல்றத அப்பிடியே செய்யி. செஞ்சாப் போதும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் மாமா. நான் தலையாட்டினேன். பேச வேண்டாம் என்றதும் பாதிப் பயம் போய்விட்டது. மாமாவுக்கு விளையாட்டின் சட்டம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் தெரியுமே.

மேலே பனிமூட்டம். பங்களா வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் துரை உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பெரிய நாய். வராந்தா முகப்பில் ஒரு வெண்கல மணி தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் தண்டவாளத் துண்டு எங்கே, இது எங்கே! இதை அடித்தால் மலை முழுக்கக் கேட்கும்.

மாமா செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டு, குனிந்து ஏதோ சொன்னார். துரை என்னைப் பார்த்தார். நல்ல முகம்தான். விரலை ஆட்டி, “கம் ஹியர்” என்றார்.

நான் அசையவில்லை.

“கம் ஹியர், பாய்” என்றார் மறுபடியும்.

எனக்குள் ஒரு குதூகலம் பொங்கியது. இது அதே விளையாட்டு. வாத்தியார் சொன்னது இந்த மலைவரைக்கும் வந்திருக்கிறது. முதலில் நயமாகச் சொல்வார், ஏமாறக் கூடாது. மாமா பின்னாலிருந்து, “போடா... வெரசாப் போடா” என்று பல்லைக் கடித்தார். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்றே பட்டது. மரத்தடியில் பையன்களும் இப்படித்தான் பின்னாலிருந்து இடிப்பார்கள்.

துரை ஒரு முக்காலியைக் காட்டி, “சிட் டவுன்” என்றார். நான் நின்றேன். அவர் காலடியில் எழுந்து நின்றிருந்த நாய் அந்தச் சொல்லைக் கேட்டதும் சட்டென்று உட்கார்ந்தது. நாய் அவுட்டு என்று நினைத்தேன். துரை நாயைத் தட்டிக்கொடுத்து, தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்து அதற்குப் போட்டார். தோற்ற நாய்க்கு ஏன் பரிசு கொடுக்கிறார் என்பது மட்டும் எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிறகு அவர் முகம் சிவந்தது. கதவைக் காட்டி, “ஷட் த டோர்!” என்று கத்தினார். மாமா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். மாமாவும் அவுட்டு. அந்த வராந்தாவில் ஆட்டத்தில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். கத்திவிட்டால் ஆட்டம் முடியப்போகிறது என்று அர்த்தம். இனி சிரித்துக்கொண்டே வந்து தலையில் கை வைப்பார். அதை நினைத்ததும், அடக்க முடியாமல் நான் சிரித்துவிட்டேன்.

துரை என்னையே பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

“இவனுக்குக் காது கேக்காதா?”

“நல்லாக் கேக்கும் தொரைகளே” என்றார் மாமா, கும்பிட்ட கையோடு.

“அப்போ கொழுப்பு” என்றார் துரை. எழுந்து உள்ளே போய்விட்டார். நாய் பின்னாலேயே போனது.

செவிடு என்று மாமா சொல்லியிருந்தால் துரை இரக்கப்பட்டுக்கூட இருப்பார். கேட்கும் என்று சொன்னதுதான் என்னைக் கெடுத்தது.

இறங்கும்போது ஜீப் டிரைவரிடம் கேட்க மாமாவுக்கு முகம் இல்லை. குறுக்குப் பாதையில் நடத்தியே கூட்டி வந்தார். ஏலச்செடிகளுக்கு நடுவே ஓர் இடத்தில் நிறுத்தி, கை ஓயும்வரை அடித்தார். “ஒனக்காக நான் எத்தன பேரு கால்ல விழுந்தேன் தெரியுமாடா? மரம் மாதிரி நின்னுட்டு இளிக்கிறே!” அடிக்கும்போதே அவரும் அழுதார். என் காலில் ஏறியிருந்த அட்டையைக் குனிந்து பிடுங்கிப் போட்டவரும் அவர்தான்.

முந்தலில் ஆத்தா ஒரு புளியமரத்தடியில் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இருந்தும் கேட்டாள். “என்ன சொன்னாரு தொரை?”

“ஒம் மகனுக்குக் கொழுப்பாம். அவ்வளவுதான் சொன்னாரு” என்றார் மாமா.

அன்றைக்கு நான் வாய் திறந்து பேசினேன். “அவரு ப்ளீஸே சொல்லல ஆத்தா. கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

“அப்பிடின்னா என்னடா?” என்று கேட்டாள் ஆத்தா.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாமாவைப் பார்த்தாள். பங்களாவில் அத்தனை வருஷம் வேலை பார்த்த மாமாவும், “அப்பிடி ஒரு வார்த்தைய எங்கிட்ட யாரும் சொன்னதில்ல” என்றார்.

தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மகனுக்கு அந்த வருஷம் இடம் கிடைத்தது. கூப்பிட்டதும் ஓடிப்போய் நின்றானாம். நான் ஆனி மாதம் கிட்டங்கியில் சேர்ந்தேன். காய்ந்த ஏலக்காயை உரசிக் காம்பு எடுக்கும் வேலை. ஆத்தா தைத்த புத்தகப்பையில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் வாத்தியார் என்னைத் தேடிக் கிட்டங்கிக்கு வந்தார். ஹைஸ்கூலில் என் பேரைக் காணாமல் விசாரித்திருக்கிறார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். “வாப்பா, கொஞ்சம் வெளிய வாப்பா” என்றார். நான் போகவில்லை. அப்போது மேஸ்திரி உள்ளேயிருந்து, “எலேய், அந்தத் தட்டக் கொண்டாடா இங்க!” என்று ஒரு அதட்டுப் போட்டார். தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாத்தியார் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார். என்ன நினைத்திருப்பாரோ தெரியாது.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்துகொண்டு என்ன செய்வது? கிட்டங்கியில் யாரும் அதை எந்தப் பாஷையிலும் என்னிடம் சொன்னதில்லை. நானும் அதற்காகக் காத்து நின்றதில்லை. என் மகள் வாசலில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சொல் வராமல் அசையக் கூடாது என்று. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் கல் மாதிரி நின்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் உள்ளே போனேன்.

அன்று மாமா என் சட்டையைப் பிடித்துப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கியபோது, நான் அழவில்லை. வராந்தாவில் தொங்கிய அந்த மணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்தானே ஜெயித்தேன், ஏன் என்னை மணி அடிக்க விடவில்லை என்று நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்து மணி எல்லோரையும் வீட்டுக்கு விடுகிற மணி. பங்களா மணி, விடிவதற்கு முன் லயத்து வீடுகளில் தூங்கும் தோட்டக் கூலிச் சனங்களைக் குளிரில் எழுப்பி வரிசையில் நிறுத்துகிற மணி என்பதும், அதை அடிக்க ஜெயித்தவன் தேவையில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

எழுதி முடித்தது, புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை.