பாலிஷ் போட்ட நான்கு பின்கள்

1. திங்கட்கிழமை

பெட்டியைத் திறந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு பின்களும் பளபளவென்று மின்னின. போதாக்குறைக்கு ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வேறு.

புதிதாக வேலைக்கு வரும் இன்ஸ்பெக்டர்களுக்காக எழுதுகிறேன், அதனால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் இருபத்திரண்டு வருடமாக நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மேலே போன ராக்கெட்டை உடையாமல் இறக்கி, அதையே மறுபடி ஏவ நம் நாட்டில் முயற்சி நடக்கிறது. அதற்கான சோதனை வாகனம் நான்கு கால்களை விரித்துத் தரையில் நிற்கும். அந்தக் கால்கள் மடங்கும் மூட்டில் காலுக்கு ஒன்றாக, அச்சாணி மாதிரி ஸ்டீல் பின் உண்டு. அதைச் செய்து கொடுத்தது நாங்கள். முதல் சோதனையில் வாகனம் இறங்கியது, கொஞ்சம் சாய்வாக. பின்களைக் கழற்றி எங்களுக்கே அனுப்பினார்கள். அடுத்த சோதனைக்கு அதே பின்களைப் போடலாமா என்று பார்த்து எழுதித் தர வேண்டும்.

பெட்டி வந்த வெள்ளிக்கிழமை நான் லீவு. சனிக்கிழமையே பாலிஷ் போடும் பஃபிங் மெஷினில் எங்கள் ஆபரேட்டர் தேசிங்கு வேலையை முடித்துவிட்டார்.

“கரி புடிச்சிக் கெடந்துதுமா. பார்ட்டி வராங்கன்னு ஓனர் சொன்னாரு. புதுசாட்டம் ஆக்கி வச்சிக்கிறேன்” என்றார் பெருமையாக.

அறிவிருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

2. ஓனர் ரூம்

பின்னில் எங்கே கரி, எந்தப் பக்கம் உரசல் என்பதைப் பார்த்துத்தான் கால் எப்படி இறங்கியது என்று கண்டுபிடிக்க முடியும். பஃப் போட்டால் அத்தனையும் போய்விடும். அதைவிடக் கேடு ஒன்று உண்டு. தேய்க்கும்போது மேல்தோல் இழுபட்டு, மெல்லிய விரிசல் இருந்தால் அதன் வாயை அடைத்துவிடும். பிறகு விரிசலைக் காட்டும் பெனட்ரன்ட் சாயத்தைத் தடவினாலும் உள்ளே இறங்காது. நான் தடவிப் பார்த்தேன். நான்கும் சுத்தம் என்றுதான் காட்டியது.

ஓனர் ஷாப் ஆரம்பிப்பதற்கு முன் வீட்டோடு பட்டுச் சேலை வியாபாரம் பார்த்தவர். அவருக்கு நான் கத்துவது புரியவே இல்லை.

“கசங்கன சேலைய அப்படியேவா பார்ட்டிகிட்ட பிரிச்சிக் காட்டுவோம்? டெஸ்ட்ல ஓகேன்னுதானே வந்துக்கிது. கையெழுத்துப் போடு ஸ்டெல்லா. இந்த ஆர்டர் போச்சின்னா முப்பது பேரு நடுத்தெருவுல நிக்கணும்.”

அந்த முப்பது பேரில் நானும் ஒருத்தி. ஆனால் விரிசல் விட்ட ஒரு பின் போதும், அடுத்த முறை அந்த வாகனம் குப்புற விழுவதற்கு. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று எழுதிய ப்ராசஸ் ஷீட்டில் முதல் ஸ்டெப் என்ன என்று காட்டுகிறேன் என்று, ஃபைலை எடுத்து வந்து அவர் மேஜையில் பொத்தென்று போட்டேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு ஷீட்டை என் பக்கம் திருப்பினார்.

முதல் ஸ்டெப்: கிளீனிங், பஃபிங். இரண்டாவதுதான் இன்ஸ்பெக்ஷன். கீழே என் கையெழுத்து.

புதுப் பின்னுக்கு எழுதிய ஷீட்டை அப்படியே காப்பி அடித்து, தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறேன். எங்கள் தொழிலில் செய்து அனுப்பிய ஜாப் திரும்பி வந்தால் அது ரிஜெக்ஷன், அவமானம். பயன்படுத்திய சாமான் பரிசோதனைக்கு வரும் என்பதே எனக்கு உறைக்கவில்லை. வெட்கக்கேடு.

“இத்த யாரும் பாக்கல. ரெண்டு பேருக்கும் நல்லது, போட்டுடு” என்றார்.

3. ரிப்போர்ட்

போடவில்லை. ‘பரிசோதனைக்கு முன்பே பஃப் செய்யப்பட்டுவிட்டன, மறுபடி பயன்படுத்தத் தகுதியானவையா என்று சொல்ல முடியாது, ஷீட் எழுதியது நான்’ என்று எழுதி அனுப்பினேன். தேசிங்குவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “வுடுமா” என்றார். ஆனால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஆர்டரில் பாதி வேறு ஷாப்புக்குப் போனது. ஓனர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். காட்டட்டும்.

பழைய பின்களை ஸ்கிராப்பில் தள்ளி, புதிதாக நான்கு செய்து கொடுத்தோம். அடுத்த சோதனை முடிந்து அவை திரும்பி வந்தபோது கரியோடு மேஜையில் வைத்து, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். மூன்றாவது பின்னில் ஒரே பக்கம் உரசல், அதன் ஓரத்தில் முடி போல ஒரு விரிசல். அந்தக் காலின் மூட்டில் துளை கோணலாக இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

திரும்பி வந்த ஜாப் அழுக்காக இருந்தால் முதலில் அந்த அழுக்கைப் பாருங்கள். ஷீட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள், உங்கள் கையால் எழுதியதாக இருந்தாலும்.

விரிசல் போட்டோவைப் பார்த்துவிட்டு, சோதனை நடத்தும் இடத்திலிருந்து இன்ஜினியர் போன் செய்தார்.

“முதல் நாலு பின்லயும் இது இருந்துச்சா மேடம்?”

தெரியாது என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு இன்ஸ்பெக்டராக நான் சொன்ன கேவலமான பதில் அதுதான்.