ஆள்காட்டி எந்தப் பக்கம்

எங்க ஏரியில ஆள்காட்டிப் பறவை ரெண்டு ஜாதி உண்டு. தூரத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். நெட்டைக் காலு, மண்ணு நிறத்து முதுகு. ஒண்ணுக்கு மூஞ்சியில சிவப்புத் தோலு, இன்னொண்ணுக்கு மஞ்சள். அது தெரியற அளவுக்குக் கிட்டப் போக விடாது. குரலை வச்சுத்தான் சொல்லணும். சிவப்பு 'கிட்டிடூ, கிட்டிடூ'ன்னு சண்டைக்காரி மாதிரி கத்தும். தண்ணிக்கு நடுவுல இருக்கிற சேத்துத் திட்டுல நிக்கும். மஞ்சள் 'ச்சீட், ச்சீட்'னு கீச்சுக்குரல்ல கூப்பிடும்; காஞ்ச தரையை விட்டு இறங்காது. எங்க ஊரு தோணிரேவுல இதை என் அளவுக்குச் சொல்ல ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லலை, எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

போன தை மாசம் ஒரு விடியக்காலம், நானும் என் ஓரகத்தியும் இறால் தடவப் போனோம். பிடிச்ச இறாலைப் போடற ஓலைப்பறியைப் பல்லுல கடிச்சிக்கினு, தண்ணியில குந்தி, ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கினே நகர்ற வேலை. தலை நிமிர்ந்து பார்த்தா பனி மூடிடுச்சு. கரையைக் காணோம், திட்டைக் காணோம். கடல் முகத்துவாரத்துலேர்ந்து தண்ணி வேற ஏறுது. திட்டுக்கு முன்னால படகு போறதுக்கு வெட்டின பள்ளம் இருக்கு. திசை தப்பி அதுல கால் வச்சா, நனைஞ்ச புடவையோட நாங்க மேல வர மாட்டோம்.

பறியை வாயிலேர்ந்து எடுத்து, "அசையாதடி. ஆள்காட்டி கத்தட்டும், நான் வழி சொல்றேன்"னேன்.

நின்னோம். ஒரு சத்தமும் இல்லை. இடுப்புல இருந்த தண்ணி விலாவுக்கு வந்துச்சு. இத்தனை வருஷத்துல ஏரி இப்படி ஊமையா இருந்து நான் பார்த்ததில்லை. அவ என் மூஞ்சியையே பார்த்துக்கினு இருந்தா. தண்ணி நெஞ்சைத் தொட்டதும் வாயில கடிச்சிருந்த பறியைக் கையில எடுத்தா.

"இன்னா யக்கா, அப்போலேர்ந்து கத்திக்கினே கீது, நீ வாயத் தொறக்காம நிக்கிற? அது எதுன்னு சொல்லு!"

"எதுடி கத்துது?"

"உனுக்குக் கேக்கலையா?"

ரெண்டு வருஷமா மஞ்சள் ஆள்காட்டி இந்தப் பக்கமே வர்றதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருக்கேன். யாரும் எதிர்த்துப் பேசினதில்லை.

"கேக்கலைடி"ன்னேன். "நீ கத்திக் காட்டு."

வெட்கப்பட்டா. "நானா? பறவை மாதிரியா?"

"செத்தா வெட்கம் இன்னாத்துக்கு? கத்துடி!"

"ச்சீட்... ச்சீட்..."

"அதான் கரை. எந்தப் பக்கம்?"

அவ கை காட்டின பக்கம் என்னால ஒண்ணும் கேக்க முடியலை. அவ மணிக்கட்டைப் பிடிச்சிக்கினு, ஒவ்வொரு அடியும் கால் விரலால தரையைத் தேடித் தேடி வச்சேன். பள்ளம் வந்துடும், இப்போ வந்துடும்னு உயிர் போச்சு. நெஞ்சுல இருந்த தண்ணி முழங்காலுக்கு இறங்கின பிறகுதான் மூச்சு விட்டேன்.

கரை ஏறினதும் எங்களைக் கண்டு அது எழும்பிச்சு. தலைக்கு மேலயே சுத்திச்சு. மூஞ்சியில மஞ்சத் தோலு நல்லா தெரிஞ்சுது. அலகு திறந்து திறந்து மூடிச்சு. அவ காதைப் பொத்திக்கினா.

நான் அந்த அலகையே பார்த்துக்கினு நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை.