பின்பாட்டு எடுக்காமல் நின்ற மேடை

கொரோனா வந்த வருடத்தின் கடைசி மாதங்கள் அவை. ஊரடங்கைத் தளர்த்தி, கல்யாண மண்டபங்களில் ஆட்களைக் குறைத்து விழா நடத்தலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார்கள். அப்போது விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நாட்டுப்புறப் பாடகர்களுக்கு விருது வழங்கும் விழா நடந்தது. என் நாத்தனாருக்கு விருது. வாங்கப் போனவள் நான்.

நாத்தனார் என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் பயந்துகொண்டிருந்தேன். என் கணவரின் அக்கா அவர். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் அவரைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் வாக்கப்பட்டது பிரம்மதேசத்தில். இரண்டு வீட்டிலும் விவசாயம்தான். அண்ணிக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஒரு காதுகுத்து வீட்டில் அவர் பாடும்போது நான் வாய் சும்மா இருக்காமல் கூடச் சேர்ந்து இழுத்தேன். அன்றிலிருந்து நாங்கள் ஜோடியாகிவிட்டோம். கோயில் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, டெங்கு கொசு விழிப்புணர்வு என்று எதற்குக் கூப்பிட்டாலும் இருவரும் போவோம்.

எங்கள் பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடியின் முதல் பாதி அண்ணிக்கு, அடுத்த பாதி எனக்கு. 'மேக்கால மழை எறங்க' என்று அண்ணி இழுத்துக்கொண்டே போவார். அவர் மூச்சு தீருகிற இடத்தில் நான் 'மேட்டுக்கொல்லை நனைஞ்சிருக்க' என்று எடுத்துவிட வேண்டும். நடுவில் துளி இடைவெளி தெரியக் கூடாது. அண்ணி மூச்சு வாங்குவது கூட்டத்துக்குக் கேட்கவே கூடாது. பின்பாட்டுக்காரியின் வேலையே அதுதான். நாற்று நடும்போது குனிந்துகொண்டே பாடுவதால் மூச்சு முட்டும், அதனால் வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன்.

விருது அழைப்பிதழ் வந்தபோது அதில் அண்ணி பெயர் மட்டும் இருந்தது. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது. பாதிப் பாட்டு நான் பாட, முழு விருதும் அவருக்கா? அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.  என் கணவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

விழாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்னதாகவே டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு இல்லை என்று வந்தது. அண்ணிக்கு இருக்கிறது என்று வந்தது. லேசான காய்ச்சல்தான், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டிலேயே தனியாக இருந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டின் ஒரு அறையில் அண்ணி, வாசலில் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளும் அண்ணன், அதாவது அவர் வீட்டுக்காரர். இப்படியே நாட்கள் போயின.

விருதை நான் வாங்கிக்கொள்வது, அண்ணி வீட்டிலிருந்தே போனில் பாடுவது, மேடையில் நான் பின்பாட்டு எடுப்பது என்று முடிவானது. அது எங்களுக்குப் புதிதில்லை. ஊரடங்கு முழுக்க நாங்கள் போனில்தான் பழகினோம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருப்பேன். அண்ணி அங்கே பாடுவார், நான் இங்கே எடுப்பேன். போனில் குரல் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் அல்லவா, அதையும் கணக்குப் போட்டு முன்கூட்டியே எடுக்கப் பழகிவிட்டேன். முகத்தைப் பார்க்காமல் மூச்சை மட்டும் கேட்டுக் கேட்டு, காது கூர்மையாகிவிட்டது.

விழாவன்று காலையில் அண்ணிக்குப் போன் போட்டேன். "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்றேன். "நல்லாக் கீறேன்டி, போ" என்று சுருக்கமாகச் சொல்லி வைத்துவிட்டார். எப்போதும் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவர். பாட்டுக்காகக் குரலை மிச்சம் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒன்று விட்டு ஒன்றில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் மாஸ்க். யார் பாடகர், யார் சமையல்காரர் என்று தெரியவில்லை. சிறப்பு விருந்தினர் யாரையும் தொடக் கூடாது என்பதால், பொன்னாடையைத் தட்டில் வைத்து நகர்த்தினார். விருது வாங்குகிறவர்களே எடுத்துத் தமக்குத் தாமே போர்த்திக்கொண்டார்கள். பம்பை அடித்துப் பாடுகிற ஒருவர் அப்படிப் போர்த்திக்கொண்டு தனக்கே ஒரு கும்பிடும் போட்டார். கை தட்டினால் நாலு பேர் தட்டுகிற சத்தம்கூட எழவில்லை. கூட்டமெல்லாம் யூடியூபில் இருக்கிறது, உலகமே பார்க்கிறது என்று விழா அமைப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

அண்ணி முறை வந்தது. முதலில் வீடியோவில்தான் இணைத்தார்கள். படம் அப்படியே உறைந்து உறைந்து நின்றது. சரி, குரல் மட்டும் போதும் என்று படத்தை நிறுத்திவிட்டு, போனை மைக் செட்டில் இணைத்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க அண்ணியின் குரல். உள்ளே இருந்த பொறாமையெல்லாம் எங்கே போனதோ, எனக்குப் பெருமையாக இருந்தது.

முதல் சரணம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சரணத்தில் அண்ணி ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினார். அவர் ஒருநாளும் சொல்லை உடைக்க மாட்டார். பாட்டு கெட்டுவிடக் கூடாதே என்று நான் சட்டென்று முன்னாலேயே எடுத்து மூடிவிட்டேன். அடுத்த அடியில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார். அதையும் மூடினேன். அவர் பாதியும் என் பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அது ஏதோ புது ஜோடனை மாதிரி கேட்டது. முன்வரிசையில் தலையாட்டினார்கள். விருந்தினர் தொடையில் தாளம் போட்டார். கைதட்டல்கூட வந்தது.

 நான் எவ்வளவு நன்றாக மூடுகிறேனோ அவ்வளவுக்கு அண்ணி மூச்சுக்குத் திண்டாடுவது யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று எனக்கு மட்டும் புரிந்தது. இன்னும் இரண்டு சரணம் பாக்கி. பாடி முடித்துவிட்டு விசாரிக்கலாமா? நிறுத்தினால் உலகமே பார்க்கிற மேடையில் அண்ணியின் பாட்டை நானே கெடுத்தது போலாகும். ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்துவிட்டால்? அந்த ஒரு அடி முடிவதற்குள் இத்தனையும் மனதில் ஓடியது.

அடுத்த அடி வந்தது. 'மேக்கால மழை...' என்று அண்ணி நிறுத்தினார். நான் எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நான் மூடாமல் விட்ட அந்த இடத்தில், பெரிய பெரிய ஸ்பீக்கர்களில் அண்ணியின் மூச்சு மட்டும் கேட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர்களுக்கு வாங்குமே, அப்படி. படுக்கையில் உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு.

"சிக்னல் ப்ராப்ளம்மா, கண்டுக்காதீங்க, பாடுங்க" என்று அமைப்பாளர் கையைக் காட்டினார். கூட வந்து கீழே உட்கார்ந்திருந்த என் கணவர் எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னா பண்ணிக்கினு இருக்க? எங்க அக்கா பாடறது உனுக்குப் பொறுக்கலையா? எடு" என்றார். அடுப்படிப் பாத்திரச் சத்தம் அவருக்கு மறக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

போனில் அண்ணி வேறு, "என்னாடி... தூங்கிட்டியா... எடுடி" என்றார்.

நான் மைக்கிலேயே கேட்டேன். "அண்ணி, உங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"எனக்கு... ஒண்ணும்... இல்லடி. நீ... பாடு."

ஒண்ணும் இல்லை என்று சொல்வதற்குள் அத்தனை தடவை மூச்சு எடுத்தார். இந்த முறை மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. விருந்தினர் தொடையில் தட்டிய கை அப்படியே நின்றது. என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபம் அப்படியே வடிந்துபோய், சின்னப் பையன் மாதிரி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடையை விட்டு இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கொல்லைக்காட்டில் இருந்தார். "நல்லாத்தானேம்மா இருக்கா. காலைலகூட கேப்பைக் கூழு குடிச்சாளே" என்றார். "அண்ணா, ஜல்தி வூட்டுக்குப் போங்க. வாசல்ல நின்னு கேக்காதீங்க. மூக்கு வாய நல்லா கட்டிக்கினு உள்ள போய்ப் பாருங்க. பேசினா நல்லாக் கீறேன்னுதான் சொல்லுவாங்க" என்றேன். விழா அமைப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்.

அண்ணன் உள்ளே போனபோது அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். உதடு கறுத்திருந்ததாம். ஊர் நர்சம்மா ஓடி வந்து விரலில் ஆக்சிஜன் பார்க்கிற மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே அண்ணனிடம் துணிப்பையை எடுத்து வைக்கச் சொன்னாராம். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். நாங்கள் வண்டியில் அங்கே போய்ச் சேர்ந்தபோது உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம்.  கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் ஒரு டீ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

இந்தக் காய்ச்சலில் சிலருக்கு மூச்சு குறைவது அவர்களுக்கே தெரியாது, இன்னும் தள்ளிப்போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆனால் அண்ணிக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. விழாவுக்கு முதல் நாளே நெஞ்சை அடைத்திருக்கிறது. சொன்னால் பாட வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பிழைத்து வீட்டுக்கு வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊரே பாத்துக்கினு இருக்கசொல்ல என்னிய மூச்சு வாங்க வெச்சிட்டா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அந்த வீடியோ யூடியூபில் கிடந்தது. சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு அவரிடமே துக்கம் விசாரித்தது அவருக்குப் பெரிய அவமானம். உயிரைக் காப்பாற்றினேனே என்று எனக்கும் வீம்பு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டவில்லை, அந்த மட்டில் புத்தியோடு இருந்தேன்.

அடுத்த வருடம் ஊசியெல்லாம் போட்டு, கோயில்கள் திறந்து, எங்கள் ஊரில் கூழ் ஊற்றினார்கள். பாடக் கூப்பிட்டார்கள். அண்ணி வந்தார், எப்போதும் போல என் இடது பக்கம் நின்றார். பாடத் தொடங்கியதும் தெரிந்துவிட்டது, அந்தப் பழைய மூச்சு இல்லை. முக்கால் அடிக்கே தீர்ந்துவிட்டது. நான் வழக்கம்போல மூடப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். மைக்குக்கு முன்னாலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி ஆற அமர மூச்சு வாங்கினார். வாங்கி முடித்துவிட்டு மீதியைப் பாடினார். அப்புறம்தான் என் கையை விட்டார். நான் எடுத்தேன்.

கூட்டம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. யாரும் ஒன்றும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இத்தனை காலம் இதையா ஒளித்து வைத்தோம் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இப்போதெல்லாம் வெளியூரில் இருக்கும் என் மகளோ, அம்மாவோ, யாராக இருந்தாலும் போனில் "எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் நான் உடனே சரி என்று வைத்துவிடுவதில்லை. நானும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன், அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் உண்மை வருகிறது.