ஐந்தருவிக்குக் கீழே ஒரு றெக்கைக் குதிரை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைப் பரணில் போட்டாயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், ஊரில் இருக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று கடிதமும்தான். எழுத்து கோணலாக இருக்கும். மறதி வேறு. முன்னே சொல்ல வேண்டியதைப் பின்னே சொல்லிவிடுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்காசியில் அண்ணன் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். அண்ணன் பேத்திக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்போனில் ஒரு விளையாட்டு. அதில் ஒரு பெண்பிள்ளை முதுகில் வாளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்கிறாள். அவளுக்குப் பறக்கிற குதிரை ஒன்று கிடைக்க வேண்டுமாம். சும்மா கிடைக்காது. குளத்தின் அடியில் கிடக்கிற விளக்கை எடுக்க வேண்டும். ஏழு கோபுரத்தில் ஏறி ஏழு இறகு பொறுக்க வேண்டும். கடைசியில், காற்று சுழற்றி அடிக்கிற ஒரு பாலத்தைத் தாண்ட வேண்டும். விழுந்துவிட்டால் இறகெல்லாம் போய்விடும், மறுபடி முதலில் இருந்து. குவெஸ்ட் என்று அதற்குப் பெயர் சொன்னாள்.

மூன்று வாரம் அந்தப் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிடும் நேரத்துக்கு என்னிடம் போனைக் கொடுத்துவிடுவாள். "ஆச்சி, இந்த இடத்த அமுக்கிட்டே இரு. கைய எடுத்தா தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் செத்துருவா" என்பாள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டு இருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டிவிட்டாள். "அன்லாக் ஆயிட்டு" என்று மெதுவாகச் சொன்னாள். குதிரை வெள்ளை றெக்கையை விரித்தது. மலை மேலே, மேகத்து மேலே எல்லாம் போனாள். பிறகு, "ஆச்சி, நீயும் ஒரு தடவ ஓட்டு" என்றாள்.

"நான் ஒன் வயசுக்கு முந்தியே ஓட்டிட்டேன்ட்டி" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"பொய் சொல்லுத" என்றாள்.

வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாரல் விழுகிற மாதங்களில் அப்பா குற்றாலத்தில், ஐந்தருவிக்குக் கீழே, ஓலைக் கொட்டகை போட்டுப் பழக்கடை வைப்பார். மங்குஸ்தானும் ரம்புட்டானும் பலாச்சுளையும். நான் கடையில்தான் இருப்பேன். இருப்பேனே தவிர, யாராவது விலை கேட்டால் சாக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். வெளி ஆளிடம் ஒரு வார்த்தை பேச வராது. அந்த வருஷம் அத்தை மகனும் எங்களோடு வந்து தங்கியிருந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவான்.

கடைக்கு எதிர் மேட்டில் குடை ராட்டினம் போட்டிருந்தார்கள். ஒரு அண்ணாச்சியும் அவர் சம்சாரமும். அவர் கையால் தள்ளிச் சுற்றுவார், அந்த அக்கா துட்டு வாங்கிப் போடுவாள். யானை, சிங்கம், அன்னம், ஒட்டகம் என்று மரத்தில் செய்து, ஒவ்வொன்றையும் முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றை மட்டும் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தது. சாக்கின் கிழிசலில் நீல நிறத்தில் ஒரு றெக்கை தெரியும்.

அதைக் கேட்டுக் கேட்டு நாங்கள் எல்லாரும் அந்த அண்ணாச்சியின் உயிரை எடுத்தோம். ஒரு நாள் தாங்க மாட்டாமல் சொன்னார்.

"இது துட்டுக்கு ஏத்துத குதிரை இல்லலே. ஐந்தருவியில அஞ்சு கிளை இருக்குல்லா, அஞ்சுலயும் தனித்தனியா அஞ்சு குப்பியில தண்ணி பிடிக்கணும். பிடிச்சு, தலை ஒரு சொட்டு நனையாம இங்கன கொண்டாரணும். அப்பதான் றெக்கைய விரிக்கும்."

சாரல் காலத்துக் குற்றாலத்தில் தலை நனையாமல் எவனால் வர முடியும்? அருவிக்கு அரை பர்லாங்கு தள்ளி நின்றாலே புகை மாதிரி வந்து நனைத்துவிடும். போதாததற்கு, கிளைகளில் மூன்றில் ஆண்கள் குளிப்பார்கள், இரண்டில் பெண்கள். அத்தை மகன் பெண்கள் பக்கம் போய், "ஏலே, ஒனக்கு இங்கன என்ன சோலி?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். மற்ற பையன்களும் ஒவ்வொருத்தனாக விட்டுவிட்டார்கள்.

எனக்கு மட்டும் அது போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் ஏறினால் அப்புறம் யாரும் ஊமைக்கோட்டான் என்று சொல்ல முடியாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதல் நாள் அப்பாவின் குடையை எடுத்துக்கொண்டு போனேன். காற்று அதைப் புரட்டிவிட்டது. இரண்டாம் நாள், எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்ன நினைத்தாரோ, கையில் மிஞ்சிய எண்ணெயை என் தலையில் வழித்துவிட்டார். எண்ணெயில் தண்ணீர் ஒட்டாது என்பது என் கணக்கு. ராட்டினத்து அண்ணாச்சி என் தலையைத் தடவிப் பார்த்து, உள்ளங்கையைக் காட்டினார். "இது என்னட்டி? வேர்வையா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள்.

அன்றைக்கு அப்பா, பழம் முடியப்போகிறது, நாளை மறுநாள் கடையைப் பிரித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்தது ஒரு நாள்தான்.

கடைக்குப் பின்னால் ஓடை ஓரத்தில் சேம்பு வளர்ந்து கிடந்தது. மறுநாள் காலையில் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன். அவ்வளவு சாரலிலும் அந்த இலையில் ஈரமே இல்லை. சொட்டு சொட்டாக உருண்டு போய்க்கொண்டே இருந்தது. பெரிய இலையாக மூன்று பறித்தேன். ஒன்றன் மேல் ஒன்று வைத்துத் தலையை மூடி, தாடைக்குக் கீழே வாழைநாரால் கட்டினேன். பொறுக்கி வைத்திருந்த காலி மருந்துக் குப்பிகள் ஐந்தும் மடியில். எது எந்தக் கிளை என்று தெரிய ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று குப்பிகளின் கழுத்தில் நார் கட்டியிருந்தேன்.

பெண்கள் பக்கம் சுலபம் என்றுதான் நினைத்தேன். அங்கே ஒரு பெரிய உடம்புக்காரப் பெண், "யாரு பெத்த பிள்ளைட்டி இது, எலையச் சுத்திக்கிட்டு? குத்தாலத்துல வந்து தல நனையாம நிப்பாளாக்கும். வா உள்ள" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் எல்லாம் போயிற்று. என் வாயிலிருந்து, "விடுங்க. நான் குதிரைக்கு வந்திருக்கேன்" என்று வந்தது. அந்தச் சத்தம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். அவள் திகைத்துப்போய்க் கையை விட்டாள். பிறகு அவளே இரண்டு கிளையிலும் பிடித்துக் கொடுத்தாள்.

ஆண்கள் பக்கம் கம்பித் தடுப்புக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றேன். கடைசியில், வழுக்கைத் தலையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் குப்பிகளை நீட்டினேன். அவர் வாங்கி மூன்றையும் ஒரே கிளையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். நான் மூன்றையும் கீழே கொட்டினேன்.

"ஏட்டி, ஏன் கொட்டுத?"

"மூணும் மூணு கிளையில வேணும் மாமா."

"எல்லாம் ஒரே மலையில இருந்துதான வருது. என்ன வித்தியாசம்?"

"குதிரைக்குத் தெரியும்" என்றேன்.

அவர் தலைச் சோப்பை வழித்துவிட்டுக் குப்பிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அருவிப் பக்கம் திரும்பி, "ஏ, அந்தக் கடைசிக் கிளையில நிக்குத அண்ணாச்சி, இதுல பிடிங்க. இந்தா குதிரை ஒண்ணு தாகத்துக்குக் கேக்குது" என்று கத்தினார். குப்பிகள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயின. "யாரு குதிரைய்யா?" "கொள்ளு வேண்டாமாமா?" என்று கேட்டுக்கொண்டே அத்தனை ஈர ஆண்களும் பிடித்துக் கொடுத்தார்கள். முடிச்சு மாறாமல் திரும்பி வந்தது.

ராட்டினத்து மேட்டுக்கு நான் போனபோது பத்துப் பிள்ளைகளாவது பின்னால் வந்திருப்பார்கள். அத்தை மகனும் வந்தான். குப்பிகளைத் துட்டுப் பெட்டி மேல் வரிசையாக வைத்தேன். அண்ணாச்சி நாரை அவிழ்த்து இலைகளை எடுத்தார். தலையைத் தடவினார். உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையாலும் ஒரு தடவை தடவினார்.

அந்த அக்கா மெதுவாக, "வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க. மிட்டாய் கிட்டாய் வாங்கிக் குடுத்து அனுப்புங்க" என்றாள்.

"சொல்லியாச்சுல்லா" என்றார் அவர்.

மற்ற பிள்ளைகள் யாரையும் ஏற்றவில்லை. சாக்கை அவிழ்த்தார். நீலக் குதிரை, மூக்கில் மட்டும் சிவப்பு. என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, குதிரையின் நெஞ்சுக்கு அடியில் தோளைக் கொடுத்து, கழுத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எப்போதும் அவர் தள்ளுகிற கட்டையை அன்றைக்கு அந்த அக்கா தள்ளினாள்.

எத்தனையோ தடவை அன்னத்திலும் யானையிலும் ஏறியிருக்கிறேன். அவையெல்லாம் ஒரே மட்டத்தில் சுற்றும். இந்தக் குதிரை அப்படி இல்லை. உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. நிஜமாகவே றெக்கை அடிக்கிற மாதிரி இருந்தது. அருவி ஒரு பக்கம் ஓடிற்று, அப்பா கடை ஒரு பக்கம் ஓடிற்று, சாரல் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்தது.

நாலைந்து சுற்றுக்குப் பிறகு கோபமும் வந்தது. பறக்கிற குதிரையை இவர் எதற்கு இப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்? குனிந்து அவர் காதில், "விடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"விட்டா மலைக்கு அந்தப் பக்கம் போயிரும்ட்டி" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது.

அதை நான் அப்படியே நம்பினேன். அவர் இறக்கிவிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எப்படி இருந்தது என்று கேட்ட அத்தை மகனிடம், "அவரு மட்டும் விட்டிருந்தா மலையாளத்துக்கே போயிருப்பேன்" என்றேன். அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மறுநாள் நாங்கள் கடையைப் பிரித்துச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர் மேட்டில் நீலக் குதிரையை மட்டும் கழற்றித் தரையில் சாய்த்திருந்தார்கள். முன் கம்பி நடுவில் ஒடிந்து, இரண்டு துண்டையும் மெல்லிய கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தது. நான் அத்தை மகனைக் கூட்டிப் போய்க் காட்டினேன். "பாத்தியா, எம்புட்டு வேகமா இழுத்திருக்கு" என்றேன். அவனும் தலையை ஆட்டினான். பக்கத்தில் அண்ணாச்சி சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா அவர் தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் குதிரையைப் பறக்க விடாதவர்தானே என்று அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்தக் கட்டுக்கம்பி துருப்பிடித்திருந்தது. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனால் துரு ஒரே நாளில் பிடிக்காது என்று அப்போது தோன்றவில்லை. உடைந்த குதிரை என்று வெளியே தெரிந்தால் மற்றதிலும் யாரும் பிள்ளையை ஏற்ற மாட்டார்கள், அதற்காகத்தான் மனுஷன் நடக்காத ஒன்றைச் சொல்லி வைத்தார் என்பதும் தோன்றவில்லை. நடக்காததை ஒரு பிள்ளை நடத்திக்கொண்டு வந்து நின்றபோது, அவருக்கு வேறு வழி இருந்தது. அந்த அக்கா சொன்ன மாதிரி மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அந்த மரக்குதிரையும் நானும் சேர்ந்து அவர் தோளில் என்ன கனம் கனத்திருப்போம்.

இதில் எனக்குச் சில சந்தேகம் உண்டு. ஐந்தருவியில் அப்போது ஆண்களுக்கு மூன்று கிளையா, பெண்களுக்கு மூன்றா? அந்த ராட்டினக்காரர்கள் கடையநல்லூர்ப் பக்கமா, பண்பொழிப் பக்கமா? ஒட்டகம் இருந்ததா என்பதும் நிச்சயமில்லை. அந்தக் காலத்தில் அங்கே கடை வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று என்பதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். நான் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பத்தும் சுற்றினார்.