அடிப்பக்கம் திறக்கிற லேப்டாப்

கரையான்சாவடி மெயின் ரோட்டில் மஹ்பூபா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய காலத்தில், எந்த மெஷின் மக்கர் செய்தாலும் மூடியைக் கழற்றி அவளே சரிசெய்துவிடுவாள். ரிப்பன் மாற்றுவது, எழுத்தில் அடைந்த மையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பது, தொய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் புதுசு போடுவது எல்லாம் அவள் கை வேலைதான். அதனால் தொண்ணூற்றைந்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது, பின்பக்க ஸ்குரூவின் மேல் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கர் எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

"இது இன்னா?" என்று கேட்டாள்.

மெஷினைக் கொண்டுவந்து பொருத்திய கம்பெனி ஆள் ஜெயராமன் நிமிராமலே பதில் சொன்னான். "சீல், மேடம். கிழிஞ்சா வாரண்டி போச்சு. உள்ள எதை மாத்தணும்னாலும் நாங்கதான் மாத்தணும்."

"என் மெஷின நான் தொறக்கக் கூடாதா?"

"தொறக்கலாம். அப்புறம் எங்களக் கூப்பிடக் கூடாது."

தை பிறந்தது. பத்திரிகை வேலை குவிந்தது. பிள்ளையார் படமும் பிறைநிலாவும் பூ பார்டரும் வைத்துப் பக்கம் கட்டினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. மெமரி போதவில்லை, இன்னொன்று சேர்த்தால் ஓடும் என்று ஜெயராமனே போனில் சொன்னான். ஆனால் பெட்டியை ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும், திரும்பி வர ரெண்டு வாரம் ஆகும் என்றான். முகூர்த்தமெல்லாம் அவனுக்காகக் காத்திருக்குமா? மஹ்பூபா பஸ் ஏறி, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் மெமரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் நிஜாமுதீன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"மஹ்பூ, கெட்டுப்போச்சுன்னா கேக்க ஆள் இல்ல. நல்லா ரோசன பண்ணிக்க."

"எத்தினி டைப்ரைட்டரப் பிரிச்சுகீறேன். இதுவும் மெஷின்தானே."

அந்தத் தைரியத்தில் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டாள். மெமரியைப் பிடித்துக்கொள்ளும் தகரக் கிளிப் ஒன்று ஒடிந்து விழுந்தது. சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே இருந்தது, பெட்டி மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. நிஜாமுதீன் டார்ச்சை அணைக்காமல் பிடித்திருந்தான். அவள் மெமரியை எடுத்து அடுத்த பள்ளத்தில் சாய்த்து வைத்து, இந்த முறை மெல்ல நிமிர்த்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. திரையில் வெளிச்சம் வந்தது. பிள்ளையாரும் பூ பார்டரும் ஒரே பக்கத்தில் ஒற்றுமையாக நின்றார்கள்.

அடுத்த முறை ஜெயராமன் வந்தபோது அவளே சொல்லிவிட்டாள். "சீலக் கிழிச்சது நான். கிளிப்ப ஒடச்சதும் நான். உங்க கம்பெனிய ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அவன் கிழிந்த சீலைச் சுரண்டி எடுத்தான். "முக்கால்வாசிப் பேரு ஒடச்சிட்டு, தொடவே இல்லன்னு சத்தியம் பண்றாங்க மேடம். அதுக்குத்தான் சீல்."

அதில் இருந்த நியாயம் அவளுக்குப் புரிந்தது. ஆனாலும், பொய் சொல்கிறவனுக்காகப் போட்ட பூட்டு தன் மெஷினில் எதற்கு என்ற கேள்வி மனதில் அப்படியே இருந்தது.

மூன்று வருஷம் கழித்து அவளுக்கு லேப்டாப் தேவைப்பட்டது. பத்திரிகையில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள்தான் முடிவு செய்வார்கள், அவர்களோ கடைக்கு வருவதில்லை. கம்ப்யூட்டரை அவர்கள் கூடத்துக்கே கொண்டுபோனால் வேலை ஒரே நாளில் முடியும் என்று கணக்குப் போட்டாள். அதற்குள் ஜெயராமன் கம்பெனியை விட்டு விலகி, குமணன்சாவடியில் சொந்தமாகக் கடை போட்டு, ஆபீஸ்கள் கழித்துவிட்ட லேப்டாப்களை விற்றுக்கொண்டிருந்தான். மெலிசாக, பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்து முன்னால் வைத்தான்.

மஹ்பூபா அதைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தாள். "மெமரி எங்க போடறது?"

"அது கம்பெனிதான் போடணும், டீச்சர். உள்ளயே அடக்கம். அதனாலதான் இவ்ளோ மெலிசு."

"அது இன்னா?" அலமாரியில் கட்டையாகக் கிடந்த இன்னொன்றைக் காட்டினாள். அதன் அடியில் ரெண்டு ஸ்குரூவோடு ஒரு சின்னக் கதவு இருந்தது. பக்கவாட்டில் இழுத்தால் ஹார்டு டிஸ்க் தனியாக வெளியே வந்தது.

"அது செங்கல் மாதிரி கனம். யாரு தூக்குறது?"

"நான்தானே தூக்கப்போறேன்."

அவள் செங்கல்லைத்தான் வாங்கினாள்.

ஒருநாள் ஆவடி குவார்ட்டர்ஸில் தாட்சாயிணி வீட்டுக்குப் போனாள். ஃபேக்டரி உத்தியோகத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தங்கிய குடும்பம். மகளுக்குக் கல்யாணம். பெரிய மாமன் பெயர் மேலா, சின்ன மாமன் பெயர் மேலா என்று சாயங்காலம் வரை பேசித் தீர்த்து, கடைசியில் எல்லோரும் தலையாட்டிய ஒரு பக்கம் லேப்டாப்பில் தயாரானது. மறுநாள் காலையில் அச்சுக்குப் போக வேண்டும். வரும் வழியில் பஸ் கூட்டத்தில் பை நழுவிப் படியில் மோதியது. குமணன்சாவடியில் இறங்கித் திறந்து பார்த்தால் திரை சிலந்திவலை போல விரிசல் விட்டிருந்தது. ஃபிளாப்பியில் நகல் எடுக்கவில்லை.

நேராக ஜெயராமன் கடைக்குப் போனாள். "இதே மாடல் இன்னொண்ணு கீதா?"

"கீழ் ரேக்கில கீது. ஆனா விடுங்க டீச்சர், நான் பாக்கறேன்."

"ஸ்குரூ டிரைவர் மட்டும் குடு நைனா."

உடைந்ததிலிருந்து ஹார்டு டிஸ்க்கை இழுத்து எடுத்தாள். மற்றதில் செருகி, சுவிட்சைப் போட்டாள். ஜெயராமன் எழுந்து பின்னால் வந்து நின்றான். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு லேப்டாப் விழித்தது. பெரிய மாமன் மேலேயும் சின்ன மாமன் கீழேயும், சண்டைபோட்டு வாங்கிய இடங்களில் அப்படியே இருந்தார்கள்.

"அந்த மெலிசு வாங்கியிருந்தா இன்னேரம் கம்பெனிக்கு அனுப்பிட்டுக் காத்துகினு இருக்கணும்," என்றாள்.

"வாஸ்தவம்தான்," என்றான் ஜெயராமன். "ஆனா எல்லாருமா உங்கள மாதிரி தொறப்பாங்க?"

"தொறக்கத் தெரியாதவன் உன்கிட்ட வரட்டும். தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கதவ அடைக்கற? ஒடச்சா ஒடச்சவன் பொறுப்புன்னு சொல்லி வித்துடு."

அதற்கடுத்த மாதத்திலிருந்து அவன் தன் கடைப் பெட்டிகளில் சீல் ஒட்டுவதை விட்டுவிட்டான். வாங்குகிறவர் விரும்பினால் மூடியைக் கழற்றி, எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் கொடுத்தான். சிலர் உடைத்துக்கொண்டு வந்து சண்டையும் போட்டார்கள்.

தாட்சாயிணியின் பத்திரிகை சொன்ன நாளில் அச்சாகி வந்தது. மஹ்பூபா கட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். தாட்சாயிணி ஒன்றை உருவி மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தாள்.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா எங்க அத்தை பேர விட்டுட்டோமே, இப்போ என்ன செய்ய?"