காலைப் பாட்டும் பின்னேரப் பாட்டும்

ஒரு முழுப் பாட்டையும் நான் ஒருவனே உண்டாக்கினேன் என்று ஒரு காலத்தில் திருகோணமலை முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் நான் என்பது தெரிந்தவர்கள்கூட மரியாதைக்காகத் தலையாட்டினார்கள். அதை நான் ரசனை என்று எடுத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததற்கு அடுத்த வருடம் அது. வெருகலுக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் ஓடிப்போன குடும்பங்களில் பாதி திரும்பி வந்திருந்தன. அம்மன் கோயில் திருவிழாவை இருட்டடிப்புக்குப் பயந்து பொழுதுபட முன்னரே முடிக்கவேண்டும். வெளியூர் மேளகாரர் வர மறுத்துவிட்டார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் வண்ணக்கர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அம்மனில ஒரு பாட்டுக் கட்டுங்கோ. சனத்துக்குப் பிடிச்சுதெண்டால் வருசா வருசம் திருவிழாவில பாடுவிப்பம்."

வருசா வருசம் என்பது என் தலைக்குள் ஏறிக் குந்திக்கொண்டது. நான் செத்த பிறகும் என் பாட்டை யாரோ பாடப்போகிறார்கள். ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவனுக்குச் சாகாவரம் வேறெந்த வழியாகவும் வரப்போவதில்லை.

நான் வாசித்த புத்தகங்களில் பெரிய கலைஞர்கள் எல்லாரும் தனிமையில்தான் படைத்தார்கள். மச்சானைக் கேட்டுப் படைத்ததாக யாரைப் பற்றியும் எழுதியிருக்கவில்லை. ஆகவே நானும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மோகன ராகத்தில் பாட்டைக் கட்டினேன். மோகனம் வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும். இனிப் பாடவும் மிருதங்கம் அடிக்கவும் மட்டுமே ஆள் தேவை.

பாடகன், துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளுக்கு இரவுக் காவல் இருந்த இளைஞன். காலையில் வேலை முடிந்து, நித்திரை முழியோடு என் வீட்டுக்கு வருவான். மிருதங்கக்காரன் என் மனைவியின் அண்ணன். கப்பல் பட்டறையில் பகல் முழுக்கத் தச்சுவேலை செய்துவிட்டுப் பின்னேரம்தான் வருவான். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்காது. அதனாலென்ன, நடுவில் நான் இருக்கிறேனே என்று நினைத்தேன்.

முதல் நாளே பாடகன் தலையைச் சொறிந்தான். "அண்ணை, தாளத்தின்ர முதல் தட்டோடயே எடுக்க மூச்சு முட்டுது. கொஞ்சம் பிந்தி எடுக்கட்டே?"

"ஏலாது. பாட்டு எனக்கு அப்பிடித்தான் வந்தது" என்றேன், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல்.

அவன் பிந்தி எடுத்துக் காட்டினான். நன்றாகவே இருந்தது. நான் சற்று நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றேன்.

பின்னேரம் மச்சான் வந்தான். "இதென்னடாப்பா, கூப்பன் கடை அரிசிக்கு ஓடுற மாதிரி ஓடுது? பாதி வேகத்துக்கு இறக்கு. அம்மன் ஆறுதலா வரட்டும்."

அதையும் நான் முன்னமே நினைத்திருந்ததாகச் சொன்னேன்.

இப்படியே நாட்கள் போயின. ஒருவன் மாற்றியதை மற்றவனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் பாட்டு யாருடையது என்ற கேள்வி வரும். ஒருநாள் குசினியிலிருந்து மனைவி கேட்டாள்: "காலமை ஒரு பாட்டு, பின்னேரம் இன்னொரு பாட்டு. திருவிழாவுக்கு எது?"

"ரெண்டும் ஒண்டுதான். உமக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்கேல்லை. அண்ணாவுக்காவது விளங்கினதோ எண்டு கேட்டனான்."

திருவிழாவன்றுதான் மூவரும் முதன்முதலாக ஒன்றாக உட்கார்ந்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் ஆறுதலாக முதல் தட்டைப் போட்டான். பாடகன் சற்றுப் பிந்தி, ஆனால் இரட்டிப்பு வேகத்தில் பாய்ந்தான். நான் பாட்டை என் அறைக்குள் அது பிறந்தபடியே வாசித்தேன். முன்னுக்கு இருந்த ஒரு மனுசி கண்ணை மூடிக் கும்பிட்டாள். பக்தியோ பயமோ தெரியாது.

இரண்டாவது அடி வருவதற்குள் மூவரும் மூன்று தெருவில் நின்றோம். நான் சைகை காட்டினேன், ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஆர்மோனியப் பெட்டியைச் சாத்தினேன்.

பாடகன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மெதுவாக, வாசல் படலையில் ஆளுக்குக் காத்து நிற்கிறவன் மாதிரி. மச்சான் அடியைக் குறைத்து, அவன் மூச்சு எடுக்கும் இடங்களைக் காதால் தேடினான். இருவரும் ஒரு தட்டில் வந்து சேர்ந்தபோது சனம் "அரோகரா" என்றது. அதன் பிறகு அவர்கள் பாடியது காலைப் பாட்டும் அல்ல, பின்னேரப் பாட்டும் அல்ல. நான் அறைக்குள் கட்டியது நிச்சயமாக அல்ல. சொற்கள் மட்டும் என்னுடையவை, அவற்றிலும் சிலவற்றை அவன் விட்டுவிட்டான்.

கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டு உண்டாகும் இடத்தை நான் நேரில் கண்டது அந்த ஒரு தரம்தான். இருவர் ஒருவருக்காக ஒருவர் காத்து நின்ற இடம் அது. எனக்கும் அதற்கும் ஒரு பாய் தூரம் இருந்தது.

சனம் இருட்ட முன் வீடு சேர அவசரமாகக் கலைந்தது. வண்ணக்கர் என்னிடம் வந்தார். நான் ஆர்மோனியத்தைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தேன். அவராகவே சொன்னார்:

"சனத்துக்கு நல்லாப் பிடிச்சிட்டுது தம்பி. வருசா வருசம் பாடட்டும். ஆனா, நீங்கள் பெட்டியைச் சாத்தின இடத்திலயிருந்து துவங்கச் சொல்லுங்கோ."