கொலுவுக்கு வந்தால் கையை நீட்டணும்

இந்த வருஷம் எங்கள் மயூர் விஹார் வீட்டுக் கொலுவில் புதுசாக ஒரு உருப்படி சேர்ந்தது. கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன் மேல் துணி விரித்து உட்கார்த்தி வைத்திருந்தேன். பிரஷர் மெஷின்.

பக்கத்து ஃபிளாட் பஞ்சாபிப் பெண் வந்தாள். ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கும்பிட்டாள். மெஷினையும் பார்த்தாள். மதராசிகளின் சாமியில் இதுவும் ஒன்று என்று நினைத்தாளோ என்னவோ... நான் தடுப்பதற்குள் அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உயிரைக் காக்கிற வஸ்துவுக்குப் பொட்டு வைத்தால் தப்பா என்ன?

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனிடம் பேசுவேன், அது எழுதிக்கொள்ளும், மருமகள் சுமதி பிழை பார்த்து அனுப்புவாள். ஆனால் எண் தெரியும். பஸ் நம்பர் தெரியாமல் டெல்லியில் காலம் தள்ள முடியுமா? அதனால் மெஷினில் வருகிற நம்பரை நானே பார்த்துக்கொள்வேன். எனக்கும் பிரஷர் உண்டு. தினம் ஒரு மாத்திரை, சாயங்காலம் நடை — வண்டி ஜோராக ஓடுகிறது.

என் கவலை மற்ற பெண்களைப் பற்றி. இந்த ஊர்த் தமிழ்ப் பொம்பளைகளுக்குப் புருஷன் போடுகிற மாத்திரை அத்தனையும் தலைகீழ்ப் பாடம். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள், சாப்பாட்டுக்கு முன்னால் சின்னது. டிஸ்பென்சரி வரிசையில் நிற்பதும் அவர்கள்தான். "உனக்கு எப்போ பார்த்துக்கிட்டே?" என்று கேளுங்கள். முழிப்பார்கள். கடைசியாக டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தது பிரசவத்துக்காக இருக்கும். அந்தப் பிள்ளைக்கே இப்போது தலை நரைத்திருக்கும்.

டாக்டரிடம் வா என்றால் வர மாட்டார்கள். கொலுவுக்கு வா என்றால்? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு மெட்ரோ பிடித்து வந்துவிடுவார்கள்.

அங்கேதான் எனக்கு யோசனை உதித்தது. கொலுவுக்கு வந்தவர்களைப் பாடச் சொல்வது வழக்கம். சொன்னவுடனே எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கொள்வதும் வழக்கம். நான் சட்டம் போட்டுவிட்டேன். "பாடணும். இல்லேன்னா கையை நீட்டணும். ரெண்டும் இல்லேன்னா சுண்டல் கிடையாது."

கீழ் வீட்டு பிலோமினாதான் மெஷினுக்குப் பொறுப்பு. நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து என் கொலு முன்னால் உட்கார்ந்துகொள்வாள். வருகிறவர்களை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, "காலைத் தரையில ஊனுங்க. கொஞ்ச நேரம் பேசாம இரிங்க" என்பாள். கொலுவுக்கு வந்த பெண்களைப் பேசாமல் இருக்கச் சொல்வதா? மெஷின் வேலை ஈஸி. இதுதான் கஷ்டம்.

ஆனாலும் பாடக் கூச்சப்பட்டு முக்கால்வாசிப் பேர் கையை நீட்டினார்கள். சிலருக்குக் கொஞ்சம் கூடுதல், சிலருக்கு நார்மல். கூடுதலாக இருந்தவர்களிடம் டாக்டரைப் பார்க்கச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வெற்றிலை பாக்கே கொடுத்தேன்.

சரஸ்வதி பூஜை அன்றைக்கு சம்பந்தியம்மா வந்தார். செண்பகம். சுமதியின் அம்மா. மகனோடு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணத்தன்று ஆரம்பித்த போட்டி இன்னும் ஓயவில்லை. நான் முறுக்கு சுற்றினால் அவர் கை முறுக்கு சுற்றுவார். நான் காசி போனால் அவர் ராமேஸ்வரமும் சேர்த்துப் போவார். மரியாதைக்கு ஒரு குறைவும் இருக்காது. வாங்க போங்க என்றுதான் குத்திக்கொள்வோம்.

அவரைக் கை நீட்ட வைப்பதுதான் எனக்கு முக்கியம். ஏனென்றால், அவருடைய அக்கா மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. சுமதி அதை நினைத்து நினைத்துப் பயப்படுகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலோ, அம்மா மறுநாளே ஏகாதசி, அமாவாசை என்று எதையாவது கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"சட்டம் தெரியுமில்ல சம்பந்திம்மா? பாட்டா, கையா?"

"கையெல்லாம் பாடத் தெரியாதவங்க நீட்டட்டும்" என்று என்னைப் பார்த்தார். எனக்குப் பாட வராது. அது ஊருக்கே தெரியும்.

பாட ஆரம்பித்தார். அம்மன் பாட்டு. வருஷா வருஷம் கேட்டதுதான். அதில் ஒரு நீண்ட வரி வரும், ஒரே மூச்சில் இழுத்துக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைப்பார். அந்த வரிக்காகவே நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இந்த வருஷம் அதே வரியில் நடுவில் நின்றார். மூச்சு வாங்கினார். மறுபடி நின்றார். யாரும் கவனிக்கவில்லை, எல்லாரும் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காதில் பட்டுவிட்டது.

பிலோமினா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் காதில் பட்டிருக்கிறது.

பாட்டு முடிந்தது. நான் சுண்டல் தட்டை நீட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கெஞ்சினால் இவர் மசிய மாட்டார், தெரியும். சீண்டினேன்.

"எனக்கு நூத்தி முப்பது. உங்களுக்கு அதைவிட ஜாஸ்தியாத்தான் இருக்கும். அதான் பயந்துக்கிட்டுப் பாடிட்டீங்க."

"யாருக்குப் பயம்?"

"வேற யாருக்கு? எனக்கா?"

"மாத்திரை முழுங்கறது நீங்க. எனக்கு ஒரு தலைவலி உண்டா? கொண்டாம்மா அந்தப் பட்டையை" என்று வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

பிலோமினா விடவில்லை. முதலில் உட்கார வைத்தாள், பேசாமல் இருக்கச் சொன்னாள், அப்புறம்தான் பட்டையைக் கட்டினாள். நம்பர் ஏறிக்கொண்டே போய் நின்றது. நூற்றி எழுபத்தி நாலு.

"மெஷின் ரிப்பேர்" என்றார் சம்பந்தி.

பிலோமினா மெஷினை எனக்குப் போட்டாள். நூற்றி முப்பத்திரண்டு. அவருக்கு மறுபடி. நூற்றி எழுபது.

"பொட்டு வச்சிருக்கீங்கல்ல, அதான் சாமி வந்து ஆடுது" என்றார் சம்பந்தி.

சுமதி சிரிக்கவில்லை. "அம்மா, மாடி ஏறினா மூச்சு வாங்குதா இல்லையா? உண்மையைச் சொல்லு."

சம்பந்தி வளையலைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "கொஞ்ச நாளா வாங்குது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அதான் பார்க்கப் பிடிக்கலை" என்றார்.

இத்தனை வருஷத்தில் என் முன்னால் அவர் குரல் தாழ்ந்தது அன்றைக்குத்தான். போட்டியாவது ஒன்றாவது... கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு உங்க அக்கா கையில பட்டை கட்ட ஆள் இல்லை. உங்களுக்கு நாங்க இருக்கோம். நாளைக்கு விஜயதசமி. புதுசா எதைத் தொடங்கினாலும் ஜெயிக்கும். டாக்டர்கிட்டே தொடங்குவோம்."

விஜயதசமி என்றதும் அவருக்கு மறுக்க வழியில்லை. அவரே நம்புகிற சாஸ்திரமாயிற்றே.

லீவு நாளானாலும் பிலோமினா தன் ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருந்தாள், மறுநாள் காலையில் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசு ஹிந்திக்காரர். அவர் சொன்னதைச் சுமதி தமிழில் சொன்னாள். ரொம்ப நாளாக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. அடைப்பு எதுவும் தெரியவில்லை. இப்போதே வந்ததால் மருந்துக்கு அடங்கும். இன்னும் சில வருஷம் கழித்து வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றாராம். "மாதா ஜி, நமக் கம்" என்று இரண்டு தடவை சொன்னார். உப்பைக் குறை என்றால் எந்த பாஷையிலும் புரிந்துவிடுகிறது, இல்லையா?

சம்பந்தியும் சாம்பாரில் உப்பைக் குறைத்தார். ஆனால் பக்கத்தில் மோர் மிளகாய், அப்பளம், நார்த்தங்காய். ஊரிலிருந்து ரயிலில் யார் வந்தாலும் பெட்டி நிறைய இதுதானே வருகிறது? தொட்டுக்கொள்வதை நாம் உப்புக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சுமதி போய் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "மாமியார் வீட்டுக்குச் சீர் கொண்டு போறியா?" என்று கேட்டாராம். ஜாடிகள் எங்கள் வீட்டுக்கும் வரவில்லை, வழியிலேயே யாருக்கோ கொடுத்துவிட்டாள். நானும் பிரஷர்காரிதானே.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் நம்பர் இறங்கியது. உடனே போன். "அதான் இறங்கிடுச்சே, மாத்திரையை நிறுத்திடவா?"

"குடை பிடிச்சதாலதான் நனையலை. நனையலையேன்னு மழையில குடையை மடக்குவீங்களா?" என்றேன். மாத்திரை தொடர்ந்தது.

அப்புறம் பனியும் புகையும் வந்துவிட்டது. நம்ம டெல்லிதான் தெரியுமே. புகை அதிகமான நாளில் வெளியே நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சம்பந்தி அசரவில்லை. குவார்ட்டர்ஸ் ஹாலில் சோபாவை ஓரம் தள்ளிவிட்டு, வீட்டுக்குள்ளேயே நடந்தார். புகை குறைந்த மத்தியானங்களில் பார்க். அங்கே நாலு ஹிந்திக்காரப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, "ஜல்தி, ஜல்தி" என்று அவர்களை விரட்டுகிறாராம்.

போன வாரம் டாக்டரிடம் மறுபடி போனார்கள். நான் இங்கே சமையலறையில் கை வேலை ஓடாமல் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. சுமதி என்று நினைத்து எடுத்தேன்.

"சம்பந்திம்மா, உங்களுக்கு இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்தி முப்பது. உங்களுக்கு?"

"நூத்தி இருபத்தி நாலு" என்றார். "மாடி ஏறித்தான் டாக்டரைப் பார்த்தேன். மூச்சு வாங்கலை. டாக்டர் ஷாபாஷ்னு சொன்னார். உங்க டாக்டர் உங்களை எப்பவாவது அப்படிச் சொல்லியிருக்காரா?"

"இல்லை."

"நாளைலேர்ந்து கூட ஒரு சுத்து நடங்க. நான் கேட்பேன்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், எதென்று தெரியவில்லை. அதனால் சொல்கிறேன்... கையை நீட்டுங்கள். பண்டிகைக்குக் காத்திருக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரைப் பாருங்கள், புருஷனுக்காக இல்லை, உங்களுக்காக.

சம்பந்தியிடம் தோற்றுப்போய்விட்டு அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் கேசரி கிண்டியவள் டெல்லியிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன் — நெய்யும் சர்க்கரையும் பாதிதான் போட்டேன், பயப்படாதீர்கள்.